பதினேழு பக்கற் குறைவு

"நூறு பக்கற் அனுப்பினால் எண்பத்திமூண்டுதான் வந்து சேருது. மிச்சப் பதினேழும் எங்கை?"

கனகசுந்தரம் கொப்பியை மனைவிக்கு முன்னால் விரித்தார். பத்து நாள் கணக்கு, பத்து வரி; நாளுக்கொரு தடவை நூறு அனுப்பிச் சோதித்து, வந்ததைச் சத்தமாக எண்ணி எழுதியது.

படங்களெல்லாம் உள்ளறைக் கணினியில் இருந்தன. அதிலிருந்து ஒரு வயர் முன்னறைக் கணினிக்கு; படம் அதில் சின்னச் சின்னப் பொட்டலங்களாக, பக்கற்றுகளாக, வரும். இன்னொன்று வேலிக்கு மேலால் முஹம்மது தம்பி வீட்டுக்கு. ஊரடங்கு நேரத்தில், கால் முறிந்து கிடக்கிற மனிசன் படமாவது பார்க்கட்டும் என்று கனகசுந்தரமே இழுத்துக் கொடுத்தது.

இப்போது இவருடைய படம்தான் நின்று நின்று ஓடியது. ஓங்கிய கை வில்லன் கன்னத்தில் விழ ஐந்து நிமிடம் பிடித்தது.

"துறைமுகத்திலை முப்பத்தொரு வருசம் மூட்டை எண்ணினனான். கப்பலாலை இறக்கினது நூறு, களஞ்சியத்துக்கு வந்தது எண்பத்திமூண்டு எண்டால், மிச்சத்தைக் காகமே கொண்டுபோனது?"

"அந்த மனிசன் உங்கடை பதினேழையும் வைச்சு என்ன, கறி சமைக்கப் போகுதே?" என்றாள் கமலாதேவி.

"நேரை கேக்க எனக்குக் கூச்சம். பேசாமல் வயரைக் கழட்டப் போறன்."

"படுக்கையிலை கிடக்கிற ஆளுக்கு வேறை என்ன பொழுதுபோக்கு? முதல்லை ஆரையேன் கூப்பிட்டுக் காட்டுங்கோ."

கணினி திருத்தும் அருளம்பலம் அன்று பின்னேரமே வந்தான்.

"வழியிலை விழுந்த பக்கற்றை ஒருத்தரும் எடுக்க ஏலாது ஐயா. அது அப்பிடியே இல்லாமல் போயிடும்."

"இல்லாமல் போற சரக்கு எண்டு உலகத்திலை ஒண்டு இல்லைத் தம்பி."

அருளம்பலம் நின்றபடியே சோதித்தான். நூறு அனுப்பியது, நூறும் வந்தது.

கனகசுந்தரம் நம்பவில்லை. கதிரையில் வழக்கம்போல் சாய்ந்து, தானே சோதித்தார். எண்பத்திமூன்று.

அருளம்பலம் திரையை விட்டுவிட்டுக் கீழே பார்த்தான்.

"எழும்புங்கோ ஐயா."

எழுந்தார். நூறு.

"இருங்கோ."

இருந்தார். எண்பத்திநாலு.

"ஒரு பக்கற் மெலிஞ்சிட்டியள்" என்றாள் கமலாதேவி.

கதிரைக் காலுக்கு அடியில் வயர் அப்பளம்போல் நசிந்து கிடந்தது.

கனகசுந்தரம் கொப்பியை மெல்ல மூடினார். "நல்ல காலம், அந்த ஆளின்ரை வயரிலை கை வைக்கேல்லை."

அருளம்பலம் உள்ளறைக் கணினியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தான். "ஆனால் ஐயா, அந்த வயர் செருகின இடத்திலை வெளிச்சமே எரியேல்லை. அங்காலை கழட்டியெல்லோ கிடக்குது."

கனகசுந்தரம் வேலியடிக்குப் போனார். முஹம்மது தம்பியின் மகள் றம்லா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, வயர் கழண்டு கிடக்குதாம். காலமைகூடப் படம் நல்லம் எண்டு சொன்னீர்?"

றம்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க பக்கற் குறையுது எண்டு சத்தமா எண்ணுறது யன்னலால கேட்ட. எங்களாலதான் குறையுதாக்கும் எண்டு வாப்பா அண்டைக்கே கழட்டச் சொல்லிட்டாரு. தந்த மனிசன்ட மனம் நோகப்படாது, பாத்த எண்டே சொல்லு எண்டும் சொன்னாரு."

"அப்ப இத்தனை நாளும் அந்த மனிசனுக்கு எப்பிடிப் பொழுது போனது?"

"நீங்க எண்ணுறதக் கேட்டுக்கிட்டுப் படுத்திரிப்பாரு ஐயா. நேத்து எண்பத்தொண்டு எண்டதும் மனசு கேக்காம, நூறும் உங்களுக்கு வந்து சேரணும் எண்டு அல்லாஹ்கிட்ட துஆ கேட்டாரு."