லீசி தின்ற பக்கம்

சுவிஸ் மலையூர் ஒன்றில் லீசி என்ற ஆட்டுக்கு வருஷா வருஷம் திருவிழாவில் மாலை, உப்புக்கட்டி என்று ஏக மரியாதை. அவளுடைய முப்பாட்டன் கொடுங்கோல் அதிகாரியை ஏரிக்குள் முட்டித் தள்ளி ஊரை மீட்டானாம். பழைய சரித்திர ஏட்டிலேயே இருக்கிறதாம்.

“அட போக்கா,” என்றது அந்த ஏட்டில் குடியிருந்த எலி. “நான் படிச்சேன். அந்தாளு சாணியில வழுக்கித் தானா விழுந்தான். ஆடே கிடையாது.”

லீசி சுற்றுமுற்றும் பார்த்தாள். “வேற யாரு படிச்சாங்க?”

“ஒருத்தரும் இல்ல.”

ஏட்டறைக்குள் நுழைந்தவள் அந்தப் பக்கத்தை மென்று விழுங்கிவிட்டாள்.

திருவிழாவன்று, அதிசயமாக, ஊர்த்தலைவர் ஏட்டைத் திறந்தார். பக்கத்தைக் காணோம். லீசி மெல்லப் பின்வாங்கினாள்.

“பாத்தீங்களா!” என்று முழங்கினார் தலைவர். “அந்த அதிகாரியோட ஆளுங்க வெக்கத்துல பக்கத்தையே திருடியிருக்கானுங்கன்னா, நம்ம ஆடு எத்தனை பேரைத் தள்ளியிருக்கும்!”

அந்த வருஷம் லீசிக்கு இரண்டு மாலை. எலி சிரிப்பை அடக்க ஏட்டின் அட்டையைக் கடித்துக்கொண்டது.