சம்பங்கி ஊதுற நேரம்

"மேடம், உங்க வீட்டுல கல்யாணமா?"

லேப்டாப்புக்குள்ளே இருந்து கேட்ட பொண்ணு அதுவரைக்கும் அழுதுகிட்டு இருந்தவள்.

ஐடாவுக்கு முகம் செத்துப்போச்சு. "இல்லம்மா, பக்கத்து வீடு. நீ சொல்லு."

என்னத்தைச் சொல்லுவா? மாமியார் கொடுமையைச் சொல்ல வாயைத் திறந்தா, பின்னாலேயே டிரம்பெட்டு பெப்பெப்பேன்னு ஊர்வலம் போகுது. அழுத பொண்ணுக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

இவ சிரிச்சுட்டா. இதுக்கு முன்னே பேசின ஒருத்தர் சிரிக்கலை. கம்பெனிக்குப் புகார் தட்டிட்டாரு.

ஐடாவுக்கு உத்தியோகம் கவுன்சிலிங். மனசு நொந்தவங்க பேச்சைக் கேட்டு, ஆறுதல் சொல்லி, வழி காட்டுறது. முன்னெல்லாம் தினம் ரயிலைப் பிடிச்சு, பெங்களூர் வரைக்கும் நின்னுகிட்டே போய் வந்தவள். இப்போ நந்திதுர்க் லைன்ல, சுவரோட சுவர் ஒட்டின வரிசை வீட்டு உள்ளறையிலேயே வேலை.

ரகசியத்தில் அவள் கெட்டி. லேப்டாப்புக்கு ஒரு பாஸ்வேர்டு, மீட்டிங்குக்கு இன்னொண்ணு, கதவுக்குத் தாழ்ப்பாள், ஜன்னலுக்குத் திரை, காதுக்கு ஹெட்போன். நேரில் வர்றவங்களைப் பின்சந்து வழியா வரச் சொல்லுவாள். பெத்த தாய் கேட்டாலும் வந்தது யாருன்னு வாயைத் திறக்க மாட்டாள்.

எல்லாத்துக்கும் பூட்டுப் போட்டாச்சு. பக்கத்து வீட்டு சம்பங்கிக்கு எந்தப் பூட்டைப் போடுறது?

கல்யாணமோ சாவோ திருவிழாவோ, கூப்பிட்ட இடத்துக்குப் போய் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுற மனுஷன். மத்த நேரம் சாது. ஐடா மீட்டிங்கில் உட்கார்ந்தா மட்டும் அவருக்கு மூக்குல வேர்த்துடும். நேரில் ஆள் வந்தாலோ கேக்கவே வேணாம், வாசலுக்கே வந்து தெருவைக் கூட்டி ஊதுவாரு.

புகார் போனதும், இடம் மீட்டிங்குக்கு லாயக்கான்னு பார்க்க மேலதிகாரி அனுப்ரியா கிளம்பி வந்துட்டாள். கையோட வீட்டில் செஞ்ச பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். நல்ல மாதிரிதான். ஆனா அவள் ஆகாதுன்னுட்டா ஐடாவுக்கு மறுபடியும் ரயில்தான்.

தாழ்ப்பாளைத் தட்டிப் பார்த்தாள், திரையை இழுத்துப் பார்த்தாள். "ரூம் ஓகே ஐடா. அந்த டிரம்பெட்தான் பிராப்ளம். வாங்க, நானே கேக்கறேன்."

ரெண்டு பேரும் பக்கத்து வீட்டுக்குள்ளே நுழைஞ்சதும், சம்பங்கி லுங்கியை இறக்கிவிட்டுக்கிட்டு எழுந்தாரு. "வாங்க, வாங்க. இன்னா சாப்புடுறீங்க?"

ஐடாவுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது. "நான் உங்களுக்கு இன்னாண்ணே கெடுதல் பண்ணேன்? நான் மீட்டிங்ல உக்காந்தா கரெக்டா ஊதறீங்களே, என் பொழப்புல மண்ணு உழுதே!"

சம்பங்கி தலையைச் சொறிஞ்சாரு. "சொன்னா நீ சங்கடப்படுவே. உட்டுடும்மா."

"பரவால்ல, சொல்லுங்க!"

"அப்ப ஒண்ணு பண்ணு. மேடம் இங்கயே இருக்கட்டும். நீ போய் எப்பவும் மாதிரி கதவ சாத்தினு, ஹெட்போன மாட்டினு, இன்னாவது பேசு."

ஐடா போனாள். தாழ்ப்பாள் போட்டாள். ஹெட்போனை மாட்டினாள். ஆள் இல்லாத லேப்டாப்பைப் பார்த்து என்னத்தைப் பேசுறது? யாருக்குக் கேட்கப்போகுதுங்கிற தைரியத்தில், மெதுவாத்தான் சொன்னாள்: "எங்க மேடம் தங்கமானவங்க. ஆனா அந்த பிஸ்கட்ட கடிக்கத்தான் சுத்தியல் வேணும்."

திரும்பி வந்தா, அனுப்ரியா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறா. சிரிச்ச சிரிப்பில் கண்ணெல்லாம் தண்ணி.

"சுத்தியல் வேணும், ஹௌதா? அப்படியா?"

சம்பங்கி மேலே கையைக் காட்டினாரு. நடுச்சுவர் கூரையைத் தொடலை. ரெண்டு வீட்டுக்கும் ஒரே தகரம். பொறந்ததுல இருந்து பார்க்கிற சுவர்தான், யோசிச்சதில்லை.

"காத மூடிக்கினா உன் கொரலு உனக்கே தெரியாதும்மா. மெதுவா பேசறதா நெனச்சினு, ஸ்பீக்கரு கட்டினாப்புல பேசறே."

"ஐயோ, அப்போ வர்றவங்க கதையெல்லாம் கேட்டுட்டீங்களாண்ணே?"

"ஐய, கேக்கக் கூடாதுன்னுதானே ஊதறேன்! எனக்கு ஓட்ட வாயி. காதுல உழுந்தது மறுநாளே டீக்கடையில கொட்டிடும். டிரம்பெட்ட எடுத்தா காதும் அடைஞ்சிடும், வாயும் அடைஞ்சிடும். நேர்ல வர்றப்ப வாசல்ல நின்னு ஊதினா, தெருவே என் மூஞ்சியத்தான் பாக்கும். உன் பின்சந்த எவன் பாக்கப்போறான்?"



"பெங்களூர் ஆபீஸ்ல, உள்ளே பேசறது கேக்கக் கூடாதுன்னு கதவுக்கு வெளிய உஸ்ஸுன்னு சத்தம் போடற மெஷின் வச்சிருக்கோம்," என்றாள் அனுப்ரியா. "உங்களுக்கு ஆளே கெடைச்சிருக்காரு. சுவத்துக்கு மேல பலகை அடிக்கக் கம்பெனியில நான் சொல்றேன். நீங்க இங்கயே வேலை பாருங்க. அண்ணா, பலகை வர்ற வரைக்கும் கொஞ்சம் மெதுவா ஊதுங்க."

ரயில் இல்லைன்னு தெரிஞ்சதும்தான் ஐடாவுக்கு மூச்சு வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

"அண்ணே, மீட்டிங் காலையிலயும் இருக்கும், சாயங்காலமும் இருக்கும். எனக்கே கொழம்பும். ஆரம்பிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சம்பங்கி வாயெல்லாம் பல்லாச் சிரிச்சாரு.

"'நாம பேசறது இந்தச் செவுத்தத் தாண்டிப் போவாது, தைரியமா சொல்லுங்க'ன்னு மொதல்ல சொல்லுவே பாரு... அது கேட்ட உடனே எடுத்து ஊத ஆரம்பிச்சிடுவேம்மா!"