படகில் இரண்டாவது ஆள்

திருத்தந்தை இறந்தால் அவருடைய மோதிரத்தின் மேல் உளியால் சிலுவைக்கோடு வெட்டிச் சிதைப்பார்கள். அந்த மோதிரத்தைச் செய்த பொற்கொல்லர் தார்சீசியோவையே வத்திக்கானில் அந்த வேலைக்கும் அழைத்தார்கள். படகில் நின்று வலை வீசும் பேதுருவை மட்டும்தான் அவர் அதில் செதுக்கியிருந்தார். இப்போது பேதுருவுக்குப் பின்னால் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். இறந்துபோன திருத்தந்தையின் அந்தக் கூன் முதுகை ரோமில் தெரியாதவர்கள் இல்லை.

“கூட ஒருத்தரை ஏத்திட்டீங்களே, டிக்கெட் வாங்கினாரா?” என்றார் செயலர் பாதர் ஆல்ச்சிதே. அவர் சிரிக்கவில்லை. “அசல் எங்க?”

“இதுதான் பாதர். உள்பக்கம் என் முத்திரை இருக்கு.”

“முத்திரை உங்ககிட்டதானே இருக்கு? இன்னொண்ணுல குத்த எவ்வளவு நேரம் ஆகும்?”

எடை போட்டார்கள். ஆள் கூடியும் பழைய எடையேதான். ஆல்ச்சிதேயின் சந்தேகம் அதனால் கூடியது.

“கர்தினால்மார் காத்திருக்காங்க. வெட்டுங்க. மீதியை போலீஸ்கிட்ட சொல்லுங்க.”

தார்சீசியோ கிழவரின் கழுத்தைத் தவிர்த்து உளியை வைத்தார். இரண்டு கோடுகள் வெட்டி நிமிர்ந்தபோது படகு காலியாக இருந்தது. வலையும் இல்லை.

“கையை விரிங்க,” என்றார் ஆல்ச்சிதே.

விரித்தார். உள்ளங்கையில் வலைக்கண்களின் தடம் ஈரமாகப் பதிந்திருந்தது.