மஞ்சள் வீட்டெதிரே பிரேக்டவுன்

சாகப்போகிற எஞ்சின் ஒருமுறை இருமும். சின்ன வயதில் அப்பாவின் பட்டறையில் கேட்ட சத்தம் அது. வறட்டு இருமல். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கும்.

தையல் கம்பெனியின் வண்டிகளுக்குப் பொறுப்பாக வந்த பிறகும் அந்தச் சத்தம் அவள் காதை விட்டுப் போகவில்லை. எந்நேரமும் வண்டி ஓடிய தூரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதால் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர்.

அந்தக் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான். தையல் மெஷின் நின்றால் பிரேக்டவுன். லிஃப்ட் பாதியில் மாட்டிக்கொண்டால் பிரேக்டவுன். போன வருஷம் பொத்தான் தைக்கிறவள் வேலைக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, எழுந்திருக்கவே மாட்டேன் என்றபோது டாக்டரும் அதையேதான் சொன்னார். கணக்கருக்கு மட்டும் அது வேறு: செலவை இனம் இனமாகப் பிரித்துக் காட்டுவது.

"பிரேக்டவுன் என்னாச்சும்மா?" என்றார் கணக்கர்.

"எதைக் கேக்கறீங்க? வண்டியையா, டீசல் செலவையா?"

"ரெண்டும் ஒண்ணுதான். பொண்ணுங்களை வீட்ல விடுற வண்டி சாயங்காலமானா ஒரே இடத்துல நிக்குது. டிரைவர் டீசலை உறிஞ்சி விக்கிறார்னு தோணுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடலாம்."

அவளுக்கும் சந்தேகம்தான். கேட்டால் டிரைவர் தலையைச் சொறிவார். பழைய வண்டி, சூடாகிவிடுகிறது என்பார். முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார். அதைவிட, வீட்டுக்கு ஓடத் துடிக்கும் பெண்களில் ஒருத்திகூட இதுவரை புகார் சொல்லாததுதான் அவளை உறுத்தியது. எல்லோருக்கும் பங்கு போகிறதோ?

அன்று மாலை சொல்லாமல் கொள்ளாமல் வண்டியில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். சளசளவென்றிருந்த பேச்சு கப்பென்று அடங்கியது.

ஒரு மஞ்சள் வீட்டுக்கு எதிரே வண்டி நின்றது.

இருமவில்லை. சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறார்.

டிரைவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, உள்ளே தலையை விட்டுக்கொண்டார். கையில் கேன் இல்லை, குழாய் இல்லை. எதையும் தொடவும் இல்லை. சும்மா நின்றார்.

இப்போதே பிடித்துவிடலாம் என்று எழுந்தவளின் கையைப் பக்கத்திலிருந்தவள் அழுத்தினாள்.

"உக்காருங்கக்கா. அங்க பாருங்க."

ஜன்னலோரத்தில் பொத்தான்காரி. மஞ்சள் வீட்டு மாடியில் ஒரு சிறுமி ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். கயிறு காலில் சிக்கும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவ பொண்ணு," என்று கிசுகிசுத்தாள் பக்கத்திலிருந்தவள். "கோர்ட்டுல அப்பாகிட்ட குடுத்துட்டாங்க. இவ அந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

"டிரைவர் வேணும்னே நிறுத்துறது இவளுக்குத் தெரியுமா?"

"வண்டிக் கோளாறுன்னுதான் நினைச்சிட்டிருக்கா. தெரிஞ்சா கூசிப்போய் நாளையிலேர்ந்து நடந்தே போயிடுவா. நாங்க யாரும் மூச்சு விடல."

சிறுமி உள்ளே போனாள். பானெட் மூடிக்கொண்டது. வண்டி கிளம்பியது.

பொத்தான்காரி அப்போதுதான் மீட்டரம்மாவைப் பார்த்தாள். கண்ணைத் துடைக்காமலே, "அக்கா, இந்த வண்டியை மாத்திடாதீங்க," என்றாள். "பழசுதான். ஆனா பாவம், எப்படியோ எங்களைக் கொண்டுபோய்ச் சேத்துடுது."

மறுநாள் கணக்கர் ஆவலாகக் காத்திருந்தார். "திருடனைப் பிடிச்சீங்களா?"

"எஞ்சின் கோளாறு சார். இருமிட்டுத்தான் நின்னுச்சு. என் காதால கேட்டேன்."

அடுத்த வருஷம் டிரைவர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவரை மீட்டரம்மாவே மஞ்சள் வீட்டுத் தெருவுக்கு அழைத்துப் போய், வண்டி எந்த இடத்தில் நின்றுபோகும் என்று சொல்லிக்கொடுத்தாள்.