படத்தில் மட்டும் நின்ற பேருந்து

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், கடலிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் உள்ளே கட்டிய புதுக் குடியிருப்பின் வாசலில் எட்டு மணி வெயில் சுள்ளென்று விழுகிறது. நேற்றுத்தான் கரையோரக் குப்பத்திலிருந்து இங்கே குடிவந்த மீன்காரி தனக்கோடி, காலி அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி சாலையைப் பார்த்து நிற்கிறாள். குடியிருப்புக்குத் திட்டம் வரைந்த அரவிந்தன் காரிலிருந்து இறங்குகிறான்.

"சார், பஸ்ஸு எப்ப வரும்? அஞ்சு மணிலேர்ந்து நின்னுகினு கீறேன். கரையில மீன் ஏலமே முடிஞ்சிருக்கும்."

அவன் கையிலிருக்கும் வரைபடத்தில் இதே இடத்தில் நீல நிறத்தில் ஒரு பேருந்து நிற்கிறது. அனுமதிக் கோப்பு சீக்கிரம் நகரட்டும் என்று, போக்குவரத்துக்காரர்களைக் கேட்காமல் அவனே வரைந்தது.

"இந்தப் பக்கம் பஸ் விடலம்மா."

"படத்துல காட்டுனியே சார்? அத நம்பித்தான வூட்ட வுட்டு வந்தோம்."

"அது... கேக்காம நானா போட்டது."

காது மடல் சுட, அவன் கார்க் கதவைத் திறக்கிறான். "ஏறும்மா, கரையில விட்டுடறேன்."

"இன்னிக்கு நீ வுடுவ சார். நாளிக்கு?"

அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பெண்கள் அன்னக்கூடைகளோடு வந்து நிற்கிறார்கள். திறந்த கதவைப் பிடித்தபடி அவன் வரைபடத்தின் நீலப் பேருந்தைப் பார்க்கிறான்.