முதல் பக்கத்துச் சொல்

பாவோசி என்னும் சீனக் கொழுக்கட்டை வேகும் ஆவியில் கடைச்சுவர் வியர்க்கிறது. தம்பி ஜுன்ஹாவ் தேர்வுக்கான ஆங்கிலச் சொற்புத்தகத்தைக் கத்திப் படிக்கிறான். ஊரில் எல்லோரையும் போல அவனும் ஒவ்வொரு முறையும் முதல் சொல்லிலிருந்தே தொடங்குவதால், முதல் பக்கம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடக்கிறது. “அபேண்டன். கைவிடு. அக்கா பள்ளிக்கூடத்த விட்ட மாதிரி!” “நானா விட்டேன்? நிறுத்துனது யாரு?” என்கிறேன். “வாய மூடிட்டு மாவப் பிசைடி,” என்று அம்மா ஆவித்தட்டை டங்கென்று வைக்கிறாள். தொழிற்சாலைக்கு ஆள் பிடிக்கும் பெங் வாசலில் சிகரெட்டை மிதிக்கிறான். “பஸ் கெளம்புது. பொண்ணோட அடையாள அட்டை எங்க?” தம்பி அதே சொல்லின் பிறப்பை வாசிக்கிறான்: “பழைய பிரெஞ்சில், இன்னொருவர் அதிகாரத்தில் ஒப்படைத்தல்.” அம்மா மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு என் அட்டையை பெங்கிடம் நீட்டுகிறாள். “அடுத்த சொல்லப் படிடா,” என்கிறாள், என்னைப் பார்க்காமல்.