ஏற்றத்தில் ஒரு கை

கூடாரம், அடுப்பு, அரிசி என்று அத்தனை பாரத்துடனும் தரணிதரன் கொல்லிமலை வளைவுகளில் பாட்டுப் பாடியபடி சைக்கிள் மிதித்தான். மனைவி மேனகா தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கியர் பார்த்து வாங்கணும்டி. உனக்கெல்லாம் மாட்டுவண்டிதான் லாயக்கு."

உச்சியில் பலாச்சுளை விற்ற பாவாயி அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஏனுங்க, அடிவாரத்துல இருந்து ஒருத்தரு உங்க வண்டியத் தள்ளிட்டே வாராருங்க. வேற யாராச்சும் போதும்னு சொன்னாத்தான் உடுவாரு."

"தள்ளுறது என் கியருங்க!" என்று சிரித்துவிட்டு, அவன் மறுபக்க இறக்கத்தில் முதலில் கிளம்பினான்.

வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் இறுக்கினான். சக்கரங்கள் நின்றன. வண்டி இன்னும் வேகமெடுத்தது.

"மேனகா, சொல்லுடி!" என்று அலறினான்.

மேனகாவின் வாயில் பலாச்சுளை இருந்தது. அதை அவசரமில்லாமல் மென்றாள்.